இடப்பக்கம் நடந்த 88 ஆண்டுகள்

2009 அக்டோபர் 1ஆம் தேதி தென்கொரியாவின் சுரங்க ரயில் நிலையங்களில் ஒரு சோதனை தொடங்கியது. நடப்பவர்கள் இனி வலப்பக்கமாக நடக்க வேண்டும். அதுவரை அந்த நாட்டில் பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கப்பட்டிருந்தது இதற்கு நேரெதிரான விதி. வண்டிக்குத்தான் வலப்பக்கம், மனிதர்களுக்கு இடப்பக்கம். சின்னக் குழந்தைகளுக்கு இதைப் பாட்டாகவே சொல்லித் தந்திருந்தார்கள். ஒன்பது மாதச் சோதனைக்குப் பிறகு, 2010 ஜூலை 1 முதல் நாடு முழுக்க புதிய விதி. படிக்கட்டுகளில் அம்புக்குறிகளை மாற்றி ஒட்டினார்கள். மேலே போய்க்கொண்டிருந்த எஸ்கலேட்டர்களைக் கீழே வரவைத்தார்கள். கீழே வந்துகொண்டிருந்தவற்றை மேலே போகவைத்தார்கள். ‘88 ஆண்டுகளுக்குப் பிறகு’ என்று கொரியச் செய்தித்தாள்கள் எழுதின. அந்தக் கணக்கு 1921இல் தொடங்குகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

கார்கள் பக்கம் மாறிய கதை நிறையப் பேருக்குத் தெரியும். ஸ்வீடன் 1967 செப்டம்பர் 3 அதிகாலை 5 மணிக்கு இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. அமெரிக்க நிர்வாகத்தில் வலப்பக்கம் ஓட்டிப் பழகிய ஒகினாவா, 1978 ஜூலை 30 அன்று மற்ற ஜப்பானைப் போல இடப்பக்கத்துக்கு வந்தது. சமோவா 2009 செப்டம்பரில், அதாவது கொரியச் சோதனைக்கு ஒரு மாதம் முன்னால், வலத்திலிருந்து இடத்துக்குப் போனது. இதெல்லாம் ஆவணப்படங்களாகவும் புகைப்படங்களாகவும் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

ஆனால் கால்கள் பக்கம் மாறியதை யாரும் பெரிதாக எழுதியதில்லை. காருக்கு உரிமம் உண்டு, நம்பர் பிளேட் உண்டு, அபராதம் உண்டு. காலுக்கு என்ன இருக்கிறது? ஓர் அரசு தன் மக்களை எந்தப் பக்கம் நடக்கச் சொல்லலாம், சொன்னால் கேட்பார்களா, கேட்டால் என்ன பயன்? இந்த மூன்று கேள்விகள்தான் என்னை இந்த விஷயத்துக்குள் இழுத்தன. நான் போய்ச் சேர்ந்த இடம் கொஞ்சம் வேறு.

*

குறுகலான வராந்தா. எதிரே ஒருவர் வருகிறார். நீங்கள் வலப்பக்கம் ஒதுங்க, அவரும் அதே பக்கம் ஒதுங்குகிறார். உடனே இருவரும் மறுபக்கம். மறுபடியும் முட்டல். மூன்றாவது முறை இருவரும் சிரித்து, ஒருவர் நின்று, மற்றவர் கடந்து போகிறார். உலகத்தில் எந்த ஊரிலும் இந்த நடனம் உண்டு.

நான் பிழைப்புக்கு நிரல் எழுதுகிறவன். எங்களுக்கு இது பழகிய சிக்கல். பழைய ஈதர்நெட் வலையமைப்பில் பல கணினிகள் ஒரே கம்பியைப் பகிர்ந்துகொள்ளும். இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டு செய்தியும் கெட்டுப்போகும். ‘சரி, கொஞ்சம் பொறுத்து மறுபடி அனுப்பு’ என்று இரண்டுக்கும் ஒரே அளவு நேரம் கொடுத்தால் மறுபடியும் மோதிக்கொள்ளும். அதனால், மோதல் வந்தால் ஒவ்வொரு கணினியும் குத்துமதிப்பாக ஒரு நேரத்தைத் தானே தேர்ந்துகொண்டு காத்திருக்கும். வராந்தாவில் நாம் சிரித்துக்கொண்டே செய்வதும் அதுதான்.

ஆயிரம் பேர் வரும் இடத்தில் இப்படித் தடுமாறிக்கொண்டிருக்க முடியாது. முன்கூட்டியே ஓர் ஏற்பாடு வேண்டும். அதுதான் ‘பக்கம்’. வலமா இடமா என்பதில் எந்த உயர்வும் தாழ்வும் கிடையாது. எதிரே வருபவரும் அதே ஏற்பாட்டை வைத்திருக்கிறாரா என்பது மட்டும்தான் முக்கியம். உலகத்தில் பாதிப் பேர் வலம், பாதிப் பேர் இடம் என்றாலும் பிரச்சினை இல்லை, ஒரே வராந்தாவில் இரண்டும் கலக்காத வரைக்கும்.

பிரான்சில் மெஹ்தி முசாயித், டிர்க் ஹெல்பிங் ஆகியோர் அடங்கிய குழு 2009இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டியது. ஒரு நடைவழியில் ஒருவரை நடக்கவிட்டு, நடுவில் இன்னொருவரை அசையாமல் நிறுத்தினார்கள். நடப்பவர் அவரை இடப்பக்கமாகவும் கடந்தார், வலப்பக்கமாகவும் கடந்தார். பெரிய சார்பு எதுவும் இல்லை. பிறகு இருவரையும் எதிரெதிரே நடக்கவிட்டார்கள். அப்போது தெளிவாக வலப்பக்கம் சாய்ந்தார்கள். அதாவது, நிற்கும் மனிதர் ஒரு தூணைப் போல. தூணோடு ஒப்பந்தம் தேவையில்லை. எதிரே நடந்து வருபவரோடுதான் தேவை. வலப்பக்கம் என்பது காலில் மட்டும் இருக்கிற பழக்கமாக இருந்திருந்தால் தூணைக் கடக்கும்போதும் அது வெளிப்பட்டிருக்கும். இரண்டு பேருக்கு நடுவில் மட்டுமே அது உயிரோடு இருக்கிறது.

*

இந்த ஒப்பந்தம் எங்கிருந்து வந்தது என்று தேடினால் முதலில் கிடைப்பவை கதைகள்தான். வாளை வலக்கையில் பிடித்த வீரர்கள் எதிரி தன் வலப்பக்கம் வருமாறு இடப்பக்கமாகப் போனார்கள். ஜப்பானில் சாமுராய்கள் இடுப்பின் இடப்புறம் செருகிய உறைகள் உரசிக்கொள்ளக் கூடாது என்று இடப்பக்கம் போனார்கள். நெப்போலியன் ஐரோப்பாவை வலப்பக்கம் தள்ளினார். கேட்க நன்றாக இருக்கின்றன. ஆனால் நாட்டில் எத்தனை பேர் வாள் வைத்திருந்தார்கள்? மாட்டை ஓட்டிக்கொண்டு போன விவசாயியும் தலையில் கூடை சுமந்த பெண்ணும் எந்தப் பக்கம் போனார்கள் என்பதற்கு இந்தக் கதைகளில் பதில் இல்லை.

ஆதாரத்தோடு கிடைப்பது கொஞ்சம்தான். அதில் ஒன்று கவிதை. போப் எட்டாம் போனிஃபேஸ் 1300ஆம் ஆண்டைப் புனித ஆண்டாக அறிவித்தார். ரோம் நகருக்கு யாத்ரீகர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். புனித பேதுரு தேவாலயத்துக்குப் போக டைபர் ஆற்றின் மேலுள்ள சாந்த் ஆஞ்செலோ பாலத்தைக் கடக்க வேண்டும். தாந்தே தன் ‘நரகம்’ காவியத்தின் 18ஆம் காண்டத்தில், எதிரெதிர்த் திசையில் ஓடும் பாவிகளின் இரண்டு வரிசைகளை விவரிக்க இந்தப் பாலத்தைத்தான் உவமையாக எடுத்துக்கொள்கிறார். கோட்டையைப் பார்த்தபடி தேவாலயத்துக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம், திரும்பி வருபவர்கள் மறுபக்கம் என்று ரோமானியர்கள் கூட்டத்தைப் பிரித்திருந்தார்களாம். போப் இடப்பக்கம் போகச் சொன்னார் என்று இணையத்தில் பலர் எழுதுவார்கள். தாந்தே பக்கத்தைச் சொல்லவே இல்லை. இரண்டாகப் பிரிந்தார்கள் என்பதுதான் அவருக்குச் சொல்லத் தகுந்த செய்தியாகப் பட்டிருக்கிறது. இந்தப் பாலத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

இன்னொன்று லண்டன் பாலம். 1722இல் நகர மேயரிடமிருந்து ஓர் உத்தரவு வந்தது. நகரத்துக்குள் வரும் வண்டிகள் பாலத்தின் மேற்கு ஓரமாகவும், வெளியே போகும் வண்டிகள் கிழக்கு ஓரமாகவும் போக வேண்டும். வடக்கு நோக்கி நகருக்குள் வருபவருக்கு மேற்கு என்பது இடப்பக்கம். பிரிட்டன் இடப்பக்கம் ஓட்டுவதற்கான பழைய எழுத்துச் சான்றுகளில் இது ஒன்று. இரண்டு ஓரத்திலும் கடைகளும் வீடுகளும் அடைத்துக்கொண்டிருந்த பாலம் அது. உத்தரவு சக்கரங்களுக்குத்தான். நடந்தவர்கள் சக்கரங்களுக்கு நடுவே எப்படியோ போனார்கள்.

பக்கத்தின் வரலாறு பெரும்பாலும் இப்படித்தான். விதி சக்கரத்துக்காக எழுதப்படும். கால் அதற்கேற்ப வளைந்துகொள்ளும். பிறகு உயர்த்திக் கட்டிய நடைபாதை வருகிறது. சக்கரமும் காலும் பிரிகின்றன. அதற்குப் பிறகு நடப்பவருக்கான விதி தனியாக, தன் இஷ்டத்துக்குக் கிளைவிடத் தொடங்குகிறது. இன்றைய பிரிட்டனைப் பாருங்கள். கார் இடப்பக்கம். நடைபாதை இல்லாத சாலையில் நடந்தால் வலப்பக்கம், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடக்கச் சொல்கிறது அவர்களுடைய சாலை விதிப்புத்தகம். சுரங்க ரயில் நிலையத்தின் நடைவழிகளில் ‘இடப்பக்கம் செல்லவும்’ என்று பலகை. அதே நிலையத்தின் எஸ்கலேட்டரில் ஏறினால் வலப்பக்கம் நிற்க வேண்டும், இடப்பக்கம் அவசரக்காரர்களுக்கு. ஒரு லண்டன்காரர் வீட்டிலிருந்து அலுவலகம் போவதற்குள் மூன்று நான்கு தடவை பக்கம் மாறுகிறார். அவருக்கு அது தெரிவதுகூட இல்லை.

*

இப்போது 1921க்கு வருவோம்.

கொரியாவில் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை முதலில் எழுத்தில் வைத்தது கொரியப் பேரரசு, 1905இல். வலப்பக்கம். அந்த ஆண்டுதான் ஜப்பான் கொரியாவைத் தன் பாதுகாப்பில் உள்ள நாடாக்கியது. 1910இல் முழுதாக இணைத்துக்கொண்டது. ஜப்பானில் இடப்பக்கம். 1921இல் ஜப்பானிய ஆளுநர் நிர்வாகம் கொரியாவின் வண்டிகளையும் மனிதர்களையும் இடப்பக்கத்துக்கு மாற்றியது.

1945இல் ஜப்பான் தோற்றது. கொரியாவின் தென்பாதிக்கு அமெரிக்க ராணுவ நிர்வாகம் வந்தது. அமெரிக்க ஜீப்புகளும் லாரிகளும் வலப்பக்கம் ஓடுபவை. 1946இல் வண்டிகளை வலப்பக்கம் மாற்றினார்கள். மனிதர்களை அப்படியே விட்டுவிட்டார்கள். 1921இல் போட்ட உத்தரவில் பாதி ரத்தானது, பாதி ஒட்டிக்கொண்டு நின்றது. நிரல் எழுதுகிறவர்களுக்கு இந்தக் காட்சி நன்றாகப் பழகியது. புதிய நிர்வாகம் வந்து தனக்கு இடைஞ்சலாக இருக்கும் வரியை மட்டும் திருத்திவிட்டுப் போகும். மற்ற வரிகள் ஏன் அங்கே இருக்கின்றன என்று பத்து வருடம் கழித்து யாருக்கும் தெரியாது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்.

அமெரிக்கர்கள் அதே காலத்தில் ஜப்பானையும் ஆண்டுகொண்டிருந்தார்கள். அங்கே நடந்தது இதன் தலைகீழ். ஜப்பானில் அதுவரை வண்டியும் மனிதரும் இடப்பக்கம். 1949இல் ஆக்கிரமிப்புத் தலைமையகத்தின் யோசனையின் பேரில் சாலை விதி திருத்தப்பட்டது. வண்டிகள் இடப்பக்கத்திலேயே இருந்தன, மனிதர்கள் வலப்பக்கத்துக்குப் போனார்கள். நடப்பவரும் வண்டியும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது தத்துவம். வண்டியை மாற்றினால் பேருந்தின் கதவிலிருந்து எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், மனிதனுக்குக் கதவு கிடையாது.

ஒரே ராணுவம், சில ஆண்டு இடைவெளி. ஓர் இடத்தில் வண்டிகளை மாற்றி மனிதரை விட்டது. மற்றோர் இடத்தில் மனிதரை மாற்றி வண்டிகளை விட்டது. முடிவு இரண்டிலும் ஒன்றுதான்: வண்டியும் மனிதரும் எதிரெதிர்ப் பக்கம். இதில் யாருடைய தேசியப் பண்பும் இல்லை. எதை மாற்றச் செலவு குறைவோ அதை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

ஆனால் ஜப்பானின் சட்டம் சாலைக்குத்தான். ரயில் நிலையம் சாலை ஆகாது. அங்கே படிக்கட்டுகளில் பழைய இடப்பக்கம் பல இடங்களில் அப்படியே தொடர்கிறது. எஸ்கலேட்டர் இன்னொரு கதை: தோக்கியோவில் இடப்பக்கம் நிற்பார்கள், ஒசாகாவில் வலப்பக்கம் நிற்பார்கள். ஒரே நாடு, ஒரே மொழி, அதிவேக ரயிலில் இரண்டரை மணி நேரம்.

கொரியாவில் இந்தப் பழைய அடுக்குகளைக் கண்ணால் பார்க்கலாம். வேலை நிமித்தம் மூன்று வாரம் சியோலில் இருந்தபோது நான் அதிகம் பயணம் செய்தது 4ஆம் தடத்தில். நகருக்குள் அந்த ரயில் வலப்பக்கம் ஓடும். தெற்கே நம்தெரியோங் நிலையத்துக்கும் சொன்பாவி நிலையத்துக்கும் நடுவில் சுரங்கங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக முறுக்கிக்கொண்டு கடக்கும். மறுமுனையில் வெளியே வரும்போது ரயில் இடப்பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். காரணம், நகர மெட்ரோ அமெரிக்க காலத்துச் சாலையைப் பின்பற்றி வலப்பக்கம். தேசிய ரயில்வேயின் பாதைகள் ஜப்பானியர் காலத்திலிருந்தே இடப்பக்கம். இரண்டு வரலாறுகளை இணைக்க ஒரு சுரங்கத்தையே முறுக்கியிருக்கிறார்கள். பெட்டிக்குள் இருப்பவர்களுக்கு விளக்கு ஒரு நொடி மங்குவது தவிர வேறெதுவும் தெரியாது. அங்கே மின்சாரமும் நேர்மின்னோட்டத்திலிருந்து மாறுமின்னோட்டத்துக்கு மாறுகிறது.

ரயிலுக்குச் சுரங்கத்தை முறுக்கலாம். நடக்கும் மனிதரை என்ன செய்வது?

*

2009இல் அரசு சொன்ன காரணங்கள் பல. பெரும்பாலோர் வலக்கைப் பழக்கமுள்ளவர்கள். சுழல் கதவுகளும் டிக்கெட் வாயில்களும் வலப்பக்கத்துக்குத் தோதானவை. மற்ற நாடுகளில் வலப்பக்கம்தான் வழக்கம். கூடவே, இடப்பக்கம் என்பது ஜப்பானிய ஆட்சியின் மிச்சம் என்ற பேச்சும் இருந்தது. சட்டத்திலும் சேர்த்தார்கள்: நடைபாதையில் வலப்பக்கம் நடப்பதைப் பொது நெறியாகக் கொள்ள வேண்டும். நடைபாதை இல்லாத சாலையில் மட்டும் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி போகும் விதி நீடித்தது. நெறி என்றுதான் சொன்னார்கள்; மீறினால் அபராதம் இல்லை.

சரி, கேட்டார்களா? நான் பார்த்தவரை, பாதி. அம்புக்குறி ஒட்டிய மெட்ரோ படிக்கட்டுகளில் காலை 8 மணிக்குக் கூட்டம் அழகாக வலப்பக்கம் பிரிந்து போகும். அதே மனிதர்கள் வெளியே வந்ததும் நடைபாதையில் நிழல் இருக்கும் பக்கம் நடப்பார்கள். என்னோடு வேலை பார்த்த நாற்பது வயதுக்காரர் ஒருவர், பள்ளி வராந்தாவில் வலப்பக்கம் நடந்தால் வாத்தியாரிடம் திட்டு வாங்கியதைச் சொல்லிச் சிரித்தார். இப்போது அவருடைய மகள் அவரை இடப்பக்கம் நடக்கிறார் என்று திருத்துகிறாளாம்.

எஸ்கலேட்டரில் அரசுக்கு இன்னும் மோசமான அனுபவம். 2002 உலகக் கோப்பையை ஒட்டி, ஒரு பக்கம் நின்று மறுபக்கத்தை அவசரக்காரர்களுக்கு விடச் சொல்லிக்கொடுத்தார்கள். மக்கள் பழகிக்கொண்டார்கள். 2007இல், அது ஆபத்து, இருபக்கமும் நில்லுங்கள் என்று பிரசாரம் தொடங்கினார்கள். மக்கள் கேட்கவில்லை. 2015இல் பிரசாரத்தையே கைவிட்டார்கள். இதே பாடம் லண்டனுக்கும் கிடைத்தது. ஹோல்பர்ன் நிலையத்தில் 2015-16இல் எல்லோரும் இருபக்கமும் நின்றுதான் போக வேண்டும் என்று சோதித்துப் பார்த்தார்கள். நெரிசல் நேரத்தில் அதிகம் பேர் மேலே போனார்கள். நீளமான எஸ்கலேட்டரில் நடக்கும் பக்கம் பெரும்பாலும் காலியாகக் கிடப்பதுதான் காரணம். கணக்கு சரி. ஆனால் பயணிகள் முறைத்தார்கள். சோதனை முடிந்ததும் பழையபடி வலப்பக்கம் நின்றார்கள். கால் ஒருமுறை கற்றுக்கொண்டதைக் கணக்கு காட்டி மாற்ற முடிவதில்லை.

இங்கே நம் ஊர்ப் பேச்சு ஒன்றைக் கொண்டுவர வேண்டும். ‘வெளிநாட்டுல பாருங்க, எவ்வளவு ஒழுங்கா நடக்கறான். நம்மாளுக்கு வரிசையே தெரியாது.’ இதைச் சொல்லாத மாமா கிடையாது. இதையும் அளந்திருக்கிறார்கள். ஐஐடி கான்பூரைச் சேர்ந்த உஜ்ஜல் சட்டராஜ், பார்த்தா சக்ரவர்த்தி இருவரும் ஜெர்மனியின் ஆர்மின் சைஃப்ரீடும் சேர்ந்து 2009இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே மாதிரியான நடைவழியில் ஜெர்மானியர்களையும் இந்தியர்களையும் தனித்தனியே வரிசையாக நடக்கவிட்டு, நெருக்கம் கூடக்கூட வேகம் எப்படிக் குறைகிறது என்று அளந்தார்கள். நெருக்கம் கூடியபோது ஜெர்மானியர்களின் வேகம் அதிகம் விழுந்தது. இந்தியர்களின் வேகம் அவ்வளவு விழவில்லை. தனக்கென்று விட்டுக்கொள்ளும் இடைவெளி நமக்குக் குறைவு. ஒழுங்கு குறைந்ததாகத் தெரிந்த கூட்டம் அந்த நெருக்கத்தில் கூடுதல் திறனோடு நகர்ந்தது. தீபாவளிக்கு முந்தைய வாரம் ரங்கநாதன் தெருவில் நடந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. அங்கே எந்தப் பலகையும் கிடையாது. ஆனால் முன்னால் போகிறவர் முதுகைப் பிடித்துக்கொண்டு போக, எதிரும் புதிருமாகப் பல ஓடைகள் தானாகவே உருவாகிவிடும்.

இதனால் நாம் உயர்ந்தவர்கள் என்று ஆகிவிடாது. ஒழுங்கு என்று நாம் பார்வையால் தீர்மானிப்பதும், கூட்டம் உண்மையில் எப்படி நகர்கிறது என்பதும் வேறு வேறு. அவ்வளவுதான் இதன் பொருள். இந்த வேறுபாடு தெரியாமல் போகும்போது என்ன நடக்கும் என்பதற்கும் கொரியாவிலேயே சாட்சி இருக்கிறது.

*

2022 அக்டோபர் 29, சனிக்கிழமை இரவு. சியோலின் இடேவான் பகுதியில் ஹாலோவீன் கொண்டாட்டம். பெரிய சாலையிலிருந்து பின்னாலுள்ள உணவகத் தெருவுக்கு ஏறும் ஒரு சந்து. நீளம் சுமார் 40 மீட்டர், மிகக் குறுகிய இடத்தில் அகலம் 3.2 மீட்டர், சரிவு. மெட்ரோ நிலையத்திலிருந்து வந்தவர்கள் மேலே ஏறினார்கள், மேலே இருந்தவர்கள் கீழே இறங்கினார்கள். மாலை 6:34க்கு முதல் அழைப்பு காவல்துறைக்குப் போனது. இறங்க வழியில்லாதபோதும் ஆட்கள் மேலே வந்துகொண்டே இருக்கிறார்கள், நசுங்கிச் சாகப்போகிறார்கள் என்று பேசியவர் எச்சரித்தார். அடுத்தடுத்து அப்படி 11 அழைப்புகள். இரவு 10:15 வாக்கில் சந்து அடைத்துக்கொண்டது. இறந்தவர்கள் 159 பேர். பெரும்பாலோர் இருபதுகளில் இருந்தவர்கள், வலப்பக்கம் நடக்கும் விதியைப் பள்ளியிலேயே கற்றிருக்கக்கூடிய தலைமுறை.

அவர்கள் பக்கம் மாறி நடந்ததால் இறக்கவில்லை. கூட்டங்களை ஆராய்ந்த அமெரிக்கப் பொறியாளர் ஜான் ஃப்ரூயின் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதியிருக்கிறார்: ஒரு சதுர மீட்டரில் சுமார் 7 பேர் என்ற அளவை எட்டும்போது கூட்டம் கிட்டத்தட்ட ஒரு திரவமாகிவிடுகிறது. அதற்குள் இருக்கும் தனி மனிதருக்குத் தன் உடல்மீது கட்டுப்பாடு இல்லை. கால் தரையில் படாமல்கூடத் தூக்கிச் செல்லப்படுவார். பல பேர் நின்றபடியே, மார்பு விரிய இடமில்லாமல், மூச்சு முட்டி இறக்கிறார்கள். ஆங்கிலச் செய்திகளில் ‘ஸ்டாம்பீட்’ என்று போடுவார்கள், மிரண்டு ஓடும் மாட்டுக்கூட்டத்துக்கான சொல் அது. தமிழில் ‘நெரிசல்’ என்கிறோம். கழுத்தை நெரிப்பதன் அதே நெரி. இந்த ஓர் இடத்தில் நம் மொழி நடந்ததைச் சரியாகச் சொல்கிறது.

ஒழுங்கான நாடு என்று நாம் உதாரணம் காட்டும் ஜப்பானிலும் இது நடந்திருக்கிறது. 2001 ஜூலை 21, அகாஷி நகரில் வாணவேடிக்கை. கடற்கரைக்குப் போகும் கூட்டமும் ரயில் நிலையத்துக்குத் திரும்பும் கூட்டமும் ஒரே நடைமேம்பாலத்தில் சந்தித்தன. 11 பேர் இறந்தார்கள், அவர்களில் 9 பேர் குழந்தைகள். அங்கே வரிசை தெரியாதவர்கள் யாரும் இல்லை. பாலம் ஒன்று, திசை இரண்டு, ஆட்கள் அளவுக்கு மேல்.

இப்போது ரோமின் அந்தப் பாலத்துக்குத் திரும்பலாம். 1300இல் தாந்தே வியந்த அதே சாந்த் ஆஞ்செலோ பாலம். 150 ஆண்டு கழித்து, 1450இல் இன்னொரு புனித ஆண்டு. அந்த டிசம்பரில் ஒருநாள் தேவாலயத்திலிருந்து திரும்பிய கூட்டம் பாலத்தில் அடைத்துக்கொண்டது. நடுவில் மிரண்ட ஒரு கோவேறு கழுதை. ஏறத்தாழ 200 பேர் நசுங்கியும் ஆற்றில் விழுந்தும் இறந்தார்கள். போப் ஐந்தாம் நிக்கோலஸ் செய்தது என்ன? பாலத்தை அடைத்துக்கொண்டிருந்த கட்டடங்களை இடித்து வழியை அகலப்படுத்தினார். இறந்தவர்களின் நினைவாகப் பாலத்தின் முனையில் இரண்டு சிறு தேவாலயங்கள் எழுப்பினார். 575 ஆண்டுக்கு முன்னால் ஒருவருக்குப் புரிந்திருக்கிறது, குறை யாத்ரீகர்களின் காலில் இல்லை என்று.

பக்கம் என்கிற ஏற்பாடு ஓர் எல்லைவரை வேலை செய்யும். அதைத் தாண்டினால் அகலம், எண்ணிக்கை, திசை என்ற மூன்றுதான் கணக்கு. இந்த மூன்றும் நடப்பவர் கையில் இல்லை. சந்துக்குள் இருப்பவருக்கு முன்னால் உள்ள நான்கு தலைகளைத் தவிர எதுவும் தெரியாது. எத்தனை பேர் உள்ளே வருகிறார்கள், மறுமுனை அடைத்திருக்கிறதா என்பதெல்லாம் வெளியே நின்று பார்ப்பவருக்குத்தான் தெரியும். பார்ப்பது அவர் வேலை.

மூன்றில் எளிதில் மாற்றக்கூடியது திசை. 2006 ஜனவரியில் ஹஜ் பயணத்தின்போது மினாவின் ஜமராத் பாலத்தருகே 340க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டிர்க் ஹெல்பிங்கின் குழு அந்தக் காணொளிகளை ஆராய்ந்தது. சீராக ஓடிய கூட்டம் முதலில் நின்று நின்று நகர்ந்து, பிறகு கொந்தளித்ததை அதில் காண முடிந்தது. அடுத்த ஆண்டு முதல் அங்கே ஒருவழிப் பாதை. நமக்கு இது புதிதல்ல. ‘வலம் வருதல்’ என்ற சொல்லே சாமியை வலப்பக்கம் வைத்துச் சுற்றுவதுதான். திருவண்ணாமலையில் பௌர்ணமி இரவு 14 கிலோமீட்டர் மலைசுற்றும் லட்சக்கணக்கானவர்களுக்கு எந்தப் பக்கம் ஒதுங்குவது என்ற கேள்வியே பெரும்பாலும் வருவதில்லை. எதிரே யாரும் வருவதில்லை. பக்தி எதற்காக அப்படி வைத்தது என்று நான் சொல்ல முடியாது. கூட்டத்துக்கு அது நல்லது என்று சொல்ல முடியும். ஆனால் திசை மட்டும் போதாது என்பதையும் மினாவே காட்டியது. 2015இல் இரண்டு தெருக்களின் கூட்டங்கள் ஒரு சந்திப்பில் கலந்தபோது நூற்றுக்கணக்கானவர்கள் மாண்டார்கள்.

அகாஷிக்குப் பிறகு ஜப்பான் கூட்டப் பாதுகாப்பைக் காவல் பணிகளுக்கான விதிகளில் தனி வேலையாகவே சேர்த்தது. இடேவானுக்குப் பிறகு கொரிய அதிகாரிகள் முதலில் சொன்னது, அது யாரும் ஏற்பாடு செய்த விழா அல்ல, அதனால் பாதுகாப்புத் திட்டம் இருக்கவில்லை என்று. 2024 செப்டம்பரில் கீழ் நீதிமன்றம் அந்தப் பகுதியின் அப்போதைய காவல் தலைவருக்கு 3 ஆண்டு சிறை விதித்தது. கூட்டம் வரும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டிய ஒன்று என்பதே தீர்ப்பின் சாரம். பகுதியின் நிர்வாகத் தலைவர் அதே நாளில் விடுதலையானார்.

ஆகவே ஆரம்பத்துக் கேள்விகளுக்கு என் பதில் இது. அரசு எந்தப் பக்கம் நடக்கச் சொன்னாலும் சரி. ஒரே பக்கமாகச் சொன்னால் போதும். மக்கள் பாதி கேட்பார்கள், அந்தப் பாதியே சாதாரண நாட்களுக்குப் போதுமானது. மீதியைக் கால்கள் தாங்களே பேசித் தீர்த்துக்கொள்ளும். 1905, 1921, 1946, 2009 என்று நான்கு முறை மாறிய விதிகளுக்கு நடுவிலும் கொரியர்கள் ஒருவரையொருவர் கடந்துதான் போனார்கள்.

ஆனால் அடுத்த முறை எங்கோ ஒரு படிக்கட்டில், ஒரு திடலில், ஒரு கோயில் வாசலில் ஆட்கள் இறந்த செய்தி வரும்போது, ‘சனங்களுக்கு ஒழுங்கு இல்லை’ என்று யாராவது ஆரம்பித்தால், அவரிடம் மூன்றைக் கேளுங்கள். வழி எவ்வளவு அகலம்? எத்தனை பேரை உள்ளே விட்டார்கள்? போகவும் வரவும் ஒரே வழியா? இந்த மூன்றுக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள் அந்தக் கூட்டத்துக்குள் இருந்தவர்கள் அல்ல.